பெயரை மீட்ட மனிதர்கள்

‘காட்டுமிராண்டிகள்’ என்று உலகம் அழைத்த ஒரு பழங்குடி, வானொலியின் துணையோடு தன் பெயரையும் மொழியையும் காப்பாற்றியது. காலடி மண்ணுக்கான போராட்டம்தான் இன்னும் முடியவில்லை.

ஷுவார் என்றால் அவர்கள் மொழியில் ‘மனிதர்கள்’. தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலைகளின் கிழக்குச் சரிவு அமேசான் காட்டுக்குள் இறங்கும் இடத்தில் வாழ்கிறார்கள். பெரும்பாலானோர் இருப்பது ஈக்வடாரில். எல்லைக்கு அப்பால் பெருவிலும் அவர்களது உறவினக் குழுக்கள் உண்டு. ஆனால் இந்த எளிய பெயரை வெளியுலகம் ஏற்றுக்கொள்ள நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

16-ம் நூற்றாண்டில் தங்கம் தேடி வந்த ஸ்பானியர்கள் இவர்களை ‘ஹீவரோ’ என்றார்கள். ‘ஷுவார்’ என்ற சொல்லின் சிதைவுதான் அது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. காலப்போக்கில் ஈக்வடாரின் ஸ்பானிஷ் மொழியில் அது ‘காட்டுமிராண்டி’ என்று பொருள்படும் வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. 1599-ல் நடந்த கிளர்ச்சியில், தங்க வரி கேட்ட ஆளுநரின் வாயில் உருக்கிய தங்கத்தை ஊற்றினார்கள் என்றொரு கதை உண்டு. அதை எழுதி வைத்தவர் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஒரு பாதிரியார் என்பதால் சரித்திர ஆசிரியர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். ஸ்பானிய ஆட்சி அங்கே நிலையாகக் காலூன்ற முடியவில்லை என்பது மட்டும் நிஜம்.

தலைகளுக்கு வந்த கிராக்கி

அவர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது ‘ட்ஸான்ட்ஸா’. கொல்லப்பட்ட எதிரியின் தலையைச் சுருக்கிப் பதப்படுத்தும் சடங்கு இது. பழிவாங்கத் துடிக்கும் ஆவியை உள்ளேயே அடைத்து வைப்பதுதான் நோக்கம். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க சேகரிப்பாளர்கள் தலைக்கு விலையாகத் துப்பாக்கி தரத் தொடங்கினார்கள். சடங்கு வியாபாரமானது, கொலைகள் பெருகின. குரங்குத் தோலில் செய்த போலிகளும் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்கள் நாகரிகமானவர்கள், விற்றவர்கள் காட்டுமிராண்டிகள் என்று கணக்கு எழுதப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020-ல்தான் இந்தத் தலைகளைக் காட்சியிலிருந்து அகற்றியது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்காத வாழ்க்கை வேறு. விடியுமுன் குடும்பமாக அமர்ந்து ‘வயுஸ்’ இலைக் கஷாயம் குடிப்பது வழக்கம். மரவள்ளித் தோட்டம் பெண்களின் பொறுப்பு. மண்ணின் தெய்வமான நுங்குயியை மகிழ்விக்க ‘அனென்ட்’ என்ற பாடல்களைப் பாடிக்கொண்டே பயிரை வளர்ப்பார்கள். வாழ்க்கைக்கு வழிகாட்டும் ‘அருடம்’ என்ற சக்தியின் தரிசனத்தை நாடி, நோன்பிருந்து அருவிகளுக்குச் செல்வார்கள்.

கரும்பலகையும் வானொலியும்

1890-களில் சலேசிய பாதிரிமார்கள் வந்தார்கள். அவர்கள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் ஸ்பானிஷுக்குத்தான் இடம். ஷுவார் மொழி பேசத் தடை. விந்தை என்னவென்றால், 1964-ல் ஷுவார்கள் தங்களுக்கென்று கூட்டமைப்பு தொடங்கியபோது உடன் நின்றவர்களும் சலேசியர்களே. சுகுவா என்ற சிறு நகரில் அதன் தலைமையகம் அமைந்தது.

அப்போது அவசரப் பிரச்சினை நிலம். அதே 1964-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து மலைப்பகுதியிலிருந்து குடியேறிகள் காட்டுக்குள் வந்தார்கள். பயன்படுத்தாத நிலம், அரசின் பார்வையில் ஆளில்லாத நிலம். காட்டையே பயன்படுத்தி வாழ்கிறவர்கள் அதை எப்படி நிரூபிப்பது? ஷுவார்கள் சிதறிக் கிடந்த வீடுகளை ஊர்களாகத் திரட்டினார்கள். காட்டை வெட்டி மாடு வளர்த்தார்கள். சமூகத்தின் பெயரில் பட்டா வாங்கினார்கள். காட்டைக் காப்பாற்ற அதில் ஒரு பகுதியை அழிக்க வேண்டியிருந்தது.

மொழியைக் காப்பாற்றியது வானொலி. 1968-ல் சுகுவாவிலிருந்து கூட்டமைப்பின் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1972 முதல் அதுவே பள்ளிக்கூடமாகவும் ஆனது. நிலையத்தில் ஆசிரியர் ஷுவாரிலும் ஸ்பானிஷிலும் பாடம் சொல்வார். நடந்தே போக வேண்டிய கிராமங்களில் வானொலிப் பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். உள்ளூர் உதவி ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்காட்டுவார். பள்ளியில் பேசக் கூடாது என்றிருந்த மொழி, பாடம் சொல்லும் மொழியாயிற்று.

நாடும் மெல்ல இறங்கிவந்தது. 1995-ல் பெருவுடன் செனெபா பள்ளத்தாக்கில் போர் மூண்டபோது, காட்டை அறிந்த ஷுவார் வீரர்களை ஈக்வடார் கொண்டாடியது. 2008-ன் அரசியல் சாசனம் ஸ்பானிஷை ஆட்சிமொழியாக வைத்துக்கொண்டு, ஸ்பானிஷ், கிச்சுவா, ஷுவார் மூன்றையும் பல்வேறு இனத்தவரிடையே உறவாடுவதற்கான அதிகாரபூர்வ மொழிகள் என்றது. ‘ஹீவரோ மொழிக் குடும்பம்’ என்று எழுதிவந்த ஆய்வாளர்கள் பலரும் இப்போது ‘சிச்சம்’ குடும்பம் என்கிறார்கள். ‘சிச்சம்’ என்றால் பேச்சு, மொழி.

ஆனால் மொழியை மதித்த அரசு, நிலத்தடித் தாமிரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 2016 ஆகஸ்டில் ஒரு சுரங்கத் திட்டத்துக்காக நான்கின்ட்ஸ் என்ற ஷுவார் குடியிருப்பு காலிசெய்யப்பட்டது. டிசம்பரில் மோதல் வெடித்து ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார். மொரோனா சாந்தியாகோ மாகாணத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. திட்டத்துக்கு முன் ஷுவார்களிடம் முறையாகக் கலந்தாலோசிக்காதது உரிமை மீறல் என்று 2022-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி யார் தோண்ட வந்தாலும் முதலில் அவர்களைக் கேட்க வேண்டும். தாமிரம் என்னவோ இன்னும் அந்த மண்ணுக்கடியில்தான் இருக்கிறது.