லிங்கிச்செட்டி தெருவில் கிடைப்பதும் கிடைக்காததும்

மரத்தைப் பிளக்கும் பேண்ட் சா, பலகையின் முகத்தைச் சமன் செய்யும் இழைப்பு எந்திரம், கட்டில் கால் கடையும் லேத் ஆகியவற்றில் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டவை தமிழகத்துப் பட்டறைகளில் இன்றும் ஓடுவதற்கு முதற்காரணம் அவற்றின் எடையே ஆகும். கனத்த வார்ப்பிரும்பு உடல் அதிர்வைத் தன்னுள் வாங்கிக்கொள்வதால், கத்தி சுழலும்போது மேசை நடுங்குவதில்லை; இழைத்த பலகையில் அலை விழுவதும் குறைகிறது. உடல் நூறாண்டு தாங்கினாலும், அதனுள் சுழலும் பேரிங்கும் பற்சக்கரமும் மரைத்தண்டும் தேயத்தான் செய்யும். அவை தேய்ந்து நிற்கும் காலத்தில், எந்திரத்தைச் செய்த ஆலை பெரும்பாலும் பழைய நிலையில் இருப்பதில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1838இல் தொடங்கப்பட்ட தாமஸ் ராபின்சன், லெஸ்டரில் 1897இல் தொடங்கப்பட்ட வாட்கின் போன்ற பெயர்கள் பொறித்த எந்திரத்துக்கும், பெயரே பொறிக்காத உள்நாட்டு வார்ப்புக்கும் இந்நிலை பொதுவானது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம் போன்றதோர் ஊரில் அத்தகைய எந்திரம் நின்றுவிட்டால், உரிமையாளரின் எண்ணம் முதலில் சென்னைப் பாரிமுனையை நோக்கியே செல்லும். மோட்டார், பம்பு, பேரிங், பெல்ட், கருவிகள் விற்கும் கடைகள் நெருங்கி நிற்கும் லிங்கிச்செட்டி தெருவும், பிரித்தெடுத்த வாகன உறுப்புகளுக்குப் பேர்போன புதுப்பேட்டையும் அப்படிப்பட்ட தேடலின் வழக்கமான இடங்கள். ஆனால் எந்திரத்தின் பெயரைச் சொல்லி அங்கே உதிரி கேட்பவர் வெறுங்கையோடு திரும்பவே வாய்ப்பு மிகுதி. அளவைச் சொல்லிக் கேட்பவருக்குப் பொருள் கிடைக்கும். பழைய எந்திரங்களின் உறுப்புகளில் பெரும்பகுதி அந்த எந்திரத்துக்கென்றே செய்யப்பட்டவை அல்ல என்பதும், அக்காலத்துப் பொதுத் தர அளவுகளை ஒட்டி அமைந்தவை என்பதும் பலர் அறியாத உண்மை.

பேரிங்கை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். பேரிங் என்பது சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம். அதன் விளிம்பில் பொறித்த எண்ணே அதன் முகவரி. 6205 என்ற எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் 25 மில்லிமீட்டர் என்ற உள்விட்டம் வரும். 04க்கும் அதற்கு மேற்பட்ட எண்களுக்கும் இக்கணக்கு பொருந்தும். அதே எண்ணை உலகின் எந்த நிறுவனம் செய்தாலும் வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர்தான். சிக்கல் அங்குல அளவில் செய்த பழைய பிரிட்டிஷ் எந்திரங்களில் எழுகிறது. அவற்றில் வரும் ஆர்.எல்.எஸ். 8 என்ற பேரிங்கின் உள்விட்டம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர், வெளிவிட்டம் இரண்டேகால் அங்குலம். இந்த 0.4 மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், 6205 அந்தத் தண்டில் ஏறாது. அங்குல பேரிங்குகள் இன்றும் உற்பத்தியாகின்றன என்றாலும், சிறு கடைகளில் இருப்பில் இருப்பது அரிது. அவை கிடைக்காவிடில், லேத் பட்டறையில் தண்டைச் சற்றே கடைந்து, பேரிங் அமரும் கூட்டினுள் ஒரு புஷ் வளையம் இறுக்கி, சாதாரண பேரிங்கைப் பொருத்துவதுண்டு. எளிய வழிதான்; ஆனால் கடைந்த தண்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு என்பதால், அங்குல பேரிங்கைத் தேடிப் பார்த்த பிறகே இதில் இறங்குவது முறை.

மரையிலும் இதே கதைதான். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த பிரிட்டிஷ் மரைக்கு 55 பாகை கோணம். அமெரிக்க மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் 60 பாகை. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை இருக்க, அதே பருமனுள்ள அமெரிக்கப் போல்ட்டில் 13 இருக்கும். தவறான போல்ட் இரண்டு மூன்று சுற்று உள்ளே சென்றுவிட்டுப் பிறகு இறுகுவதால், பொருந்திவிட்டது என்று நம்பி ஸ்பேனரால் முறுக்குபவர் வார்ப்பிலுள்ள மரையையே கெடுத்துவிடுகிறார். மரை அளவி என்னும் சிறு தகட்டுக் கருவி விலை மலிவானது. அது இல்லாத பட்டறைகளே மிகுதி என்பது வியப்பு.

பற்சக்கரத்துக்குப் பல்லை எண்ணி, வெளிவிட்டத்தை அளக்க வேண்டும். மொத்தப் பற்களோடு இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தின் அங்குல அளவால் வகுத்தால் கிடைப்பது டி.பி. எனப்படும் பல்லளவு. 40 பல்லும் ஐந்தேகால் அங்குல விட்டமும் உடைய சக்கரம் 8 டி.பி. ஆகும். மெட்ரிக் முறையில் இதற்கு நெருங்கியது 3 மாட்யூல் என்றாலும், இரண்டும் இணைந்து ஓடா. பல் வெட்டும் பட்டறையில் டி.பி. எண்ணைச் சொன்னால் அளவான சக்கரம் வெட்டித் தருவர்.

உண்மையில் தேட வேண்டியிருப்பது வார்ப்புறுப்புகளை மட்டுமே. முறிந்த கைப்பிடி, வெடித்த மேசைத் தாங்கி, பேண்ட் சாவின் பெரிய சக்கரம் போன்றவற்றுக்குத் தர எண் கிடையாது. மேலைநாடுகளில் இதே மாதிரியான பழுதடைந்த எந்திரம் ஒன்றை வாங்கி அதிலிருந்து கழற்றிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியிருக்க, இங்கே பழுதான எந்திரம் காயலான் கடைக்கு எடைபோட்டுச் சென்று, உடைபட்டு, வார்ப்பாலை உலைக்குப் போய்விடுகிறது. ஒருவர் தேடும் உறுப்பு வேறொருவரின் புதிய பம்பு உடலாக மாறியிருக்கக்கூடும். காடுகளைக் காப்பது குறித்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணையும் 2002இல் வந்த ஆணையும், இத்தகைய எந்திரங்கள் ஓடும் மர அறுவை ஆலைகளான சாமில்களைக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன; மில் ஒன்று மூடப்படும் செய்தி காதில் விழுந்தால், எந்திரம் உடைபடுமுன் அங்கே சென்று சேர்வதே தேடுபவரின் திறமை.

கிடைக்காத வார்ப்பைப் புதிதாகச் செய்ய, கோயம்புத்தூர் வார்ப்பாலைகள் அளவுக்குப் பழகிய இடம் தமிழகத்தில் வேறில்லை. மணலில் அச்சுப் பதிக்க உதவும் மர வடிவத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். உருகிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, அதாவது ஓர் அடிக்கு அரைக்கால் அங்குலம், சுருங்கும் என்பதால் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். கடைந்து சீராக்கும் பக்கங்களுக்குத் தனியே கூடுதல் கனம் விட வேண்டும். செலவைக் குறைக்க உடைந்த உறுப்பையே ஒட்டிப் பேட்டர்னாக அனுப்புவோர், சிறுத்துப் போன உறுப்பைப் பெற்று ஏமாறுகின்றனர். பழைய உறுப்பின் மேல் மெல்லிய மரமும் பட்டியும் ஒட்டிப் பருக்கவைத்து அனுப்பினால் அதே உறுப்பு பயன்படும். தச்சரின் கைக்கு இது எட்டாத வேலையன்று. பேட்டர்ன் செய்வதும் மரவேலைதான்.

எல்லாப் பழைய உறுப்பும் தேடத் தக்கதன்று. கையால் பலகை தள்ளும் பழைய இழைப்பு எந்திரங்கள் சிலவற்றில் கத்தி பொருத்தும் உருளை சதுரமாக இருக்கும். அதற்கும் மேசைக்கும் இடையில் விழும் அகன்ற இடைவெளியில் விரல் அகப்பட்டால் எலும்போடு போய்விடும். பிரிட்டன் 1922ஆம் ஆண்டு விதிகளிலேயே இத்தகைய எந்திரங்களுக்கு வட்ட உருளையைக் கட்டாயமாக்கியது. அப்படிப்பட்ட எந்திரம் கைக்கு வந்தால் சதுர உருளைக்கு உதிரி தேடாமல், அந்த மேசைக்கேற்ற வட்ட உருளையைத் தேர்ந்த பட்டறையில் செய்வித்து மாற்றுவதே சரி. எதிரெதிரே பொருத்தும் கத்திகளைத் தராசில் நிறுத்து எடை ஒத்தவற்றையே இணையாகப் போட வேண்டும். அவற்றை இறுக்கும் போல்ட்டுகளை மட்டும் காயலான் கடையில் வாங்கக் கூடாது.