சட்டநிரூபண சபையில் இராமநாதன்

மக்களுக்காகப் பேசும் உரிமையை ஒருவர் எங்கிருந்து பெறுகின்றார்? ஆள்வோர் அளிக்கும் நியமனத்தாலா, மக்கள் அளிக்கும் வாக்காலா? இவ்வினாவை ஆராய்வதற்குச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் வாழ்க்கை சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1833 இல் இலங்கைச் சட்டநிரூபண சபை அமைக்கப்பெற்றது. அதில் உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர் அறுவரே. அவருள் தமிழர்க்குரிய இடம் ஒன்று. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய பகுதிகளின் தமிழர் அனைவர்க்கும் தேசாதிபதி நியமிக்கும் அந்த ஒருவரே பிரதிநிதி. பிரித்தானியக் கடற்படை தங்கிய இத்துறைமுகத்திலே உழைத்த தொழிலாளியும், கொட்டியாரக் குடாவில் வலை வீசிய மீனவனும் அவரைத் தெரிவு செய்தாரல்லர்.

1835 இல் அவ்விடத்தைப் பெற்றவர் இராமநாதரின் தாய்வழிப் பாட்டனார் ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி முதலியார். பின்னர் தாய்மாமன் சேர். முத்துக்குமாரசுவாமி அவ்விடத்தை அணிசெய்தார். அவர் 1879 இல் மறைய, இருபத்தெட்டு வயதினரான இராமநாதர் நியமனம் பெற்றார். 1851 இல் கொழும்பிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, நியாயவாதியானவர் அவர்.

குடும்பச் செல்வாக்கு அவரைச் சபைக்குக் கொணர்ந்தது எனலாம். ஆயினும் அங்கே அவரை உயர்த்தியது அவரது உழைப்பே. 1892 வரை அவர் ஆற்றிய பணி தமிழர் நலன் ஒன்றனோடு அமையவில்லை. சைவராகிய அவர், பௌத்தர்க்கு வெசாக் விடுமுறை வேண்டுமென வாதிட்டார். 1885 இல் அது கிட்டியது. பின்னர் சொலிசிற்றர் ஜெனரலாகி, 1906 வரை அரச சேவையிலிருந்தார்.

1911 இல் முதன்முறையாக, கல்விகற்ற இலங்கையர்க்கென ஓரிடம் தேர்தலுக்கு விடப்பட்டது. வாக்காளர் ஏறத்தாழ 3,000 பேரே. அவருட் சிங்களவர் மிகப் பலர். ஆயினும் வெற்றி இராமநாதருக்கே வாய்த்தது. 1915 இற் கலவரத்தை அடக்கப் படைத்துறைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, சிங்களத் தலைவர் பலர் சிறையிடப்பட்டபோது, அவர்க்காகச் சபையில் முழங்கி, இங்கிலாந்து சென்றும் நீதி கேட்டார்.

எனினும், டொனமூர் ஆணைக்குழு 1928 இற் சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது, அவர் அதனை எதிர்த்தார். கல்லாதாரின் வாக்கு நாட்டைக் கெடுக்கும் என்பதும், இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தாற் சிறுபான்மையோர் தாழ்வுறுவர் என்பதும் அவர் அச்சங்கள். முன்னையது காலத்தோடு ஒவ்வாது. பின்னையதைப் பிற்கால வரலாறு எளிதிற் புறந்தள்ள விடவில்லை. 1930 நவம்பரில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே நம் துறைமுகத் தொழிலாளியும் மீனவனும், அவர்தம் மனைவியரும் முதன்முதலாக வாக்களிக்கும் உரிமை எய்தினர்.

பிறர்க்காகத் துணிந்து பேசிய பெருமகன், பிறர் தமக்காகத் தாமே பேசும் நாளை ஐயுற்றார். அவர்தம் துணிவைப் போற்றுவோம். அவ்வையத்தையும் மறைக்காது கற்போம். பெரியோரை நிறையும் குறையும் சேர எடைபோடுதலே மாணாக்கர்க்குரிய வரலாற்று நெறியாகும்.