விலை சொல்லாத ஏலம்

குரங்கணி மலைச்சரிவிலும் போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்துத் தோட்டங்களிலும் விளைகிற ஏலக்காய், கடைசியில் போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு வந்து சேர்கிறது. வியாபாரி மாதிரிக் காயைக் கையில் கொட்டி நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், ஒன்றை உரித்து முகர்கிறார். விலை ஏறுகிறது, அதிகம் கேட்டவருக்கு மூட்டை போகிறது. யாருக்கு எது என்று விலையே தீர்த்துவிடுகிறது.

விலை பேசவே கூடாத ஒன்றை எப்படிப் பங்கிடுவது? அமெரிக்காவில் மேற்படிப்புப் பயிற்சி பெற விரும்பும் டாக்டர்கள் ஆண்டுதோறும் இந்தக் கேள்விக்குள் நுழைகிறார்கள். தேனி, மதுரை அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். முடித்த நம் பிள்ளைகளும் அங்கே ‘வெளிநாட்டில் படித்தவர்கள்’தான். தகுதித் தேர்வுகளை முடித்து, செப்டம்பரில் விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போன பிறகு அவர்கள் ஒரு பட்டியல் எழுதித் தருகிறார்கள்: எனக்கு முதலில் இந்த மருத்துவமனை, இந்தப் பிரிவு, அடுத்து இது. மருத்துவமனைகளும் டாக்டர்களை வரிசைப்படுத்துகின்றன. மீதியைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

1940-களில் இந்த ஒழுங்கு இல்லை. நல்ல மாணவரை முந்திப் பிடிக்க, படிப்பு முடிய ஏறக்குறைய 2 ஆண்டு இருக்கும்போதே மருத்துவமனைகள் இடம் கொடுத்தன. பிறகு தந்தி அனுப்பி, சில மணி நேரத்தில் பதில் கேட்டன. 1952-ல் பொதுவான பொருத்தும் முறை வந்தது. முதலில் வகுத்த கணக்கில், மனதில் உள்ளதை அப்படியே எழுதுகிறவர் நஷ்டப்படுவார் என்று மாணவர்களே கண்டுபிடித்து எதிர்த்தார்கள், கணக்கு மாற்றப்பட்டது. 10 ஆண்டு கழித்து, 1962-ல், டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணிதவியலாளர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணப் பொருத்தத்தையும் வைத்து ஒரு தேற்றம் எழுதினார்கள். டாக்டர்களின் கணக்கும் அதுவும் அடிப்படையில் ஒன்றே என்று 1984-ல் காட்டியவர் ஆல்வின் ராத். கணிதத்துக்கு முன்பே தேவை அந்த வழியைக் கண்டுபிடித்திருந்தது! ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

கணக்கை நம் ஊர்க்காரர்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். கற்பனையாக மூன்று டாக்டர்கள்: போடிப் பையன், கம்பத்துப் பெண், தேனிப் பெண். மூன்று மருத்துவமனைகள், ஒவ்வொன்றிலும் ஒரே இடம். போடிப் பையன் முதலில் எழுதியது குழந்தைகள் மருத்துவமனை. அது அவரைப் பிடித்து வைக்கிறது. பிடித்து வைப்பதோடு சரி, இடம் இன்னும் உறுதியில்லை. தேனிப் பெண்ணை நகர மருத்துவமனை அப்படியே பிடித்து வைக்கிறது. கம்பத்துப் பெண்ணும் நகர மருத்துவமனையைத்தான் முதலில் கேட்கிறார். அதன் பட்டியலில் தேனிப் பெண் அவருக்கு மேலே இருப்பதால் மறுக்கிறது. இரண்டாவதாகக் குழந்தைகள் மருத்துவமனையைக் கேட்கிறார். அவர்களுக்குப் போடிப் பையனைவிட இவர் மேல். பையன் வெளியே வருகிறார். அவருடைய இரண்டாவது விருப்பம் நகர மருத்துவமனை. அது தேனிப் பெண்ணைவிட இவரை மேலே வைத்திருக்கிறது. தேனிப் பெண் தன் இரண்டாவது விருப்பமான மூன்றாம் மருத்துவமனைக்குப் போகிறார். எல்லாரும் அமர்ந்தாயிற்று.

இப்போது யோசியுங்கள். போடிப் பையன் பயந்துபோய், “நமக்கு அது கிடைக்காது” என்று நகர மருத்துவமனையையே முதலில் எழுதியிருந்தால்? அதேதான் கிடைத்திருக்கும். ஆசைப்பட்டதை முதலில் கேட்டதால் அவர் இழந்தது ஒன்றுமில்லை. விண்ணப்பிப்பவர் கேட்கும் திசையில் கணக்கு ஓடும்வரை, உண்மையான விருப்ப வரிசையே ஒருவருக்கு மிகச் சிறந்த வரிசை. 1998 முதல் அமெரிக்காவின் பொருத்தும் கணக்கு அந்தத் திசையில்தான் ஓடுகிறது. நேர்மைக்கு நிரூபணம் தருகிற இந்தக் கணிதத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் கணக்கு இடங்களை உண்டாக்காது. 2024-ல் அமெரிக்க எம்.டி. (நம் எம்.பி.பி.எஸ். போன்றது) இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58.5 சதவீதத்தினருக்குத்தான். அவர்களில் மிகப் பலர் பொது மருத்துவத்துக்கே போகிறார்கள். தோல், எலும்பு, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகளின் கதவு அவர்களுக்கு மிகக் குறுகல். நேர்காணலுக்கே அழைக்காத மருத்துவமனையைப் பட்டியலில் எழுதிப் பயனில்லை. ஆகவே எங்கெங்கே, எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது என்று செப்டம்பரில் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். நேர்காணல் முடிந்து பட்டியல் எழுதும்போது அந்தக் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும்.

எந்தப் பிரிவு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று குரங்கணிக்குத் தெரியும். 2018 மார்ச் 11-ல் காட்டுத்தீயில் சிக்கியவர்களை மலையிலிருந்து இறக்கி, போடிக்கும் தேனிக்கும் மதுரைக்கும் கொண்டுபோனார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று தேவைப்பட்டவர்கள் தீக்காயம் பார்க்கத் தெரிந்தவர்கள், மயக்க மருந்து நிபுணர்கள், தீவிர சிகிச்சை டாக்டர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் என்றோ ஒருநாள் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்கள்.

உங்கள் வீட்டில் அப்படிப் பட்டியல் எழுதும் பிள்ளை இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பிரிவை மேலே எழுதச் சொல்லாதீர்கள். முதல் வரியை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.