உபயமும் விளம்பரமும்

கோயில் மண்டபத்துக் குழல் விளக்கை அண்ணாந்து பார்த்தால், ‘உபயம்’ என்ற சொல்லும் அதன் கீழே ஒரு பெயரும் தெரியும். சில விளக்குகளில் பெயர் மிகப் பெரிதாக இருப்பதால் வெளிச்சம் சற்றுக் குறைந்துதான் வருகிறது! இந்தப் பழக்கம் நமக்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கோயில்களில், ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிவதற்கு 96 ஆடுகள் வரை விட்டவர்களின் பெயர்களைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர் தம் பெயர் நிற்க வேண்டும் என்று விரும்புவதை நாம் குறை சொல்வதில்லை.

ஆனால், நேயர்களே, கம்பெனிகள் செய்யும் உபயம் வேறு வகையானது. விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம், கலைவிழாவுக்கு மேடை, பிள்ளைகளுக்குச் சட்டை என்று அவை கொடுக்கின்றன. அந்தப் பணத்தைக் கம்பெனி தர்மக் கணக்கில் எழுதுவதில்லை. விற்பனைச் செலவில் எழுதுகிறது. செலவு என்றால் அது திரும்பி வர வேண்டும். எங்கிருந்து வரும்? நாம் கடையில் வாங்கும் டின்னிலும் பொட்டலத்திலும் இருந்துதான்.

வானொலியிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1930-களில் அமெரிக்க வானொலியின் பகல்நேரத் தொடர் நாடகங்களுக்குச் சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்தன. பகலில் வீட்டில் இருந்து கேட்பவர்கள் பெண்கள்; துணி துவைக்கும் சோப்பு வாங்குபவர்களும் அவர்களே. இத்தகைய நாடகங்களுக்குச் ‘சோப்பு நாடகம்’ என்ற பெயரே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

நம் பள்ளி விளையாட்டு நாளுக்கு வருவோம். பச்சை நிற மைலோ வண்டி திடலுக்குள் நுழைந்ததும் ஓட்டப் பந்தயத்தைக் கூட மறந்து பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மைலோ 1934-இல் ஆஸ்திரேலியாவில் உருவான பானம். பழைய கிரேக்க நாட்டு மல்யுத்த வீரன் ஒருவனின் பெயர் அது. ஒரு கன்றைத் தினமும் தோளில் தூக்கி, அது காளையாக வளர்ந்த பின்னும் தூக்கினான் என்று அவனைப் பற்றிக் கதை சொல்வார்கள். வெயிலில் ஓடி வந்த பிள்ளைக்கு ஒரு குவளை குளிர்ந்த மைலோ கிடைப்பதில் தீங்கில்லை. ஓடியதும், வென்றதும், அந்த ருசியும் பிள்ளையின் மனத்தில் ஒன்றாகப் பதிந்துவிடும். மறுவாரம் கடையில் தாயின் சேலையைப் பிடித்து இழுக்கும்போது, காகிதக் குவளையின் விலை கம்பெனிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பானத்தில் சர்க்கரை இருக்கிறது என்பதையும், முட்டைக்கும் பருப்புக்கும் அது ஈடாகாது என்பதையும் தாய்மார்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எல்லா உபயமும் இப்படிச் சாதுவாக இருப்பதில்லை. நம் ஜொகூர் மாநிலம் 1991-இல் மலேசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் சிலாங்கூரை 3-1 என்று வென்றது. அதே ஆண்டு லீக் பட்டத்தையும் வென்றது. பத்து பாகாட் வட்டாரத்திலும் அந்த வெற்றியை நினைத்துப் பெருமைப்படுவோர் உண்டு. ஆனால் அந்தப் போட்டிகளின் பெயரோடு ஒட்டியிருந்தது எது? டன்ஹில் என்ற சிகரெட்டின் பெயர். 1989 முதல் 2004 வரை நம் நாட்டுக் காற்பந்துக்குப் பணம் கொடுத்தது அந்தச் சிகரெட்தான். நேரடிச் சிகரெட் விளம்பரத்தை 1993-ஆம் ஆண்டு விதிகள் தடுத்தன. அப்படியும் அந்தப் பெயர் காற்பந்தோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. நுரையீரல் நிறையக் காற்று வேண்டிய விளையாட்டுக்கு, நுரையீரலைக் கெடுக்கும் பொருள் உபயதாரர்! பத்து வயதுப் பையனுக்குச் சிகரெட் வேண்டும் என்று தோன்றாமல் இருக்கலாம். தனக்குப் பிடித்த ஆட்டக்காரரோடு அந்தப் பெயரை அவன் சேர்த்து வைத்துக்கொள்கிறான். கம்பெனிக்குப் பதினைந்து ஆண்டு காத்திருக்கப் பொறுமை உண்டு.

புகையிலைக் கம்பெனிகளின் பணம் போய்விட்டால் காற்பந்து என்ன ஆகும் என்ற கவலை அப்போது இருந்தது. 2005-இல் தொலைபேசி நிறுவனமான டி.எம். லீக் போட்டிக்கு ஆதரவு தந்தது. பந்து உருண்டுகொண்டுதான் இருந்தது. அதே ஆண்டில் புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக சுகாதார நிறுவன உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. 2024 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்த 852-ஆம் சட்டமும் புகைப்பொருள்களின் விளம்பரத்தையும் ஆதரவு வழங்குவதையும் தடுக்கிறது.

பெரிய கம்பெனி மட்டும் இதைச் செய்வதில்லை. தோட்டத்து இளைஞர் குழுவுக்கு மளிகைக் கடைக்காரர் 300 வெள்ளிக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதனால் முப்பது குடும்பங்கள் அவர் கடைக்கே போகின்றன. ஒரு குடும்பத்தால் மாதம் இரண்டு வெள்ளி அதிக லாபம் என்றாலும், ஐந்தே மாதத்தில் 300 வெள்ளியும் வந்துவிடும். சாமான் நல்லதாகவும் விலை சரியாகவும் இருந்தால் இது இரு தரப்புக்கும் நன்மையே. ஆனால் சட்டை வாங்கிய நன்றிக்காக 555 புத்தகத்தில் கடன் எழுதும்போது விலையைக் கேட்கக் கூச்சப்படுகிறோமே, அங்கேதான் இடிக்கிறது. சட்டைக்கு நன்றி வேறு, அரிசி விலை வேறு. சாராயக் கடைக்காரர் பிள்ளைகளின் குழுவுக்குச் சட்டை தர முன்வந்தால், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பழைய சட்டையோடும் கோல் போட முடியும்.

ஆதரவு கேட்டுப் போகும் குழுவினர் கை நீட்டுகிறோம் என்று குனிய வேண்டியதில்லை. முதுகில் பெயர் போட்டுத் திடலெல்லாம் ஓடிக் காட்டப் போகிறவர்கள் நம் பிள்ளைகள். அதற்கும் ஒரு விலை உண்டு. என்ன தருகிறார், பெயர் எங்கே, எத்தனை மாதம், வேறு நிபந்தனை உண்டா என்பதை ஒரே தாளில் எழுதிக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர்களுக்கும் விளங்கிய பிறகே கையெழுத்துப் போடலாம். ஒரு பிரதி கடைக்காரரிடமும் இன்னொன்று குழுவின் கணக்குப் புத்தகத்திலும் இருக்கட்டும்.