ஃபார்மட் அடிப்பதற்கு முன்

கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், மூடியைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: “ஃபார்மட் அடிச்சிடலாம் சார். டேட்டா ஏதாவது வேணுமா?” முந்தின இரவு உபுண்டு லினக்ஸ் அப்டேட் கேட்டது, சரியென்று சொல்லிவிட்டுப் படுத்தோம். காலையில் லோகோ வந்தது, போனது. பிறகு வெறும் கறுப்பு. உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கடைக்குக் கிளம்புமுன் கேப்ஸ் லாக்கை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து, மறுபடி அழுத்தினால் அணைகிறதா? அப்படியானால் லினக்ஸின் அடித்தளமான கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது. (நீங்கள் தொடாமலே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது வேறு வியாதி. கெர்னலே விழுந்துவிட்டது என்று பொருள்.) உங்கள் கோப்புகள், படங்கள், கடவுச்சொல் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன. போனது திரையில் வரும் படம் மட்டும்தான்.

லினக்ஸில் படம் என்பது தனி அடுக்கு. கெர்னலுக்கு மேலே கிராபிக்ஸ் டிரைவர், அதற்கு மேலே திரையை ஆளும் நிரல், அதற்கும் மேலேதான் நாம் பார்க்கும் டெஸ்க்டாப். திரையை ஆளும் அந்த வேலையைப் பல்லாண்டு செய்துவந்தது எக்ஸ் விண்டோ அமைப்பு. 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. 1987இல் வந்த அதன் பதினோராம் பதிப்பைத்தான் எக்ஸ்11 என்கிறோம். நிரல் ஒரு கணினியில் ஓடும், அதன் படம் இன்னொரு கணினியில் தெரியும் என்பதே அதைக் கட்டியவர்களின் கணக்கு. 2008இல் தொடங்கிய வேலேண்டு இப்போது அதன் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. எதுவானாலும், மாடி இடிந்தாலும் கீழ்வீடு நிற்கும்.

கீழ்வீட்டுக்கு வாசல் உண்டு. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்து மட்டுமே உள்ள கறுப்புத் திரை ஒன்று எழும்பி, பெயரைக் கேட்கும். பிறகு கடவுச்சொல். அதைத் தட்டும்போது ஒரு புள்ளிகூடத் திரையில் விழாது. கீபோர்டும் போய்விட்டதென்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கண்ணை மூடிக்கொண்டு தட்டி, எண்டர் போடுங்கள்.

தமிழில் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு தொல்லை காத்திருக்கிறது. லினக்ஸின் இந்த எழுத்துத் திரைக்கு அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களே தெரியும். ‘கொ’வில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும் என்ற அறிவும் அதற்குக் கிடையாது. ஆகவே தமிழ்க் கோப்புப் பெயர்களும் தமிழ்ச் செய்திகளும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். கட்டளைக்கு முன்னால் ஆங்கில எழுத்தில் ‘எல்ஏஎன்ஜி=சி’ என்று சேர்த்தால் பிழைச் செய்தியாவது ஆங்கிலத்தில் வரும், படிக்கலாம்.

சரி, படம் ஏன் போனது? கிராபிக்ஸ் டிரைவர் கெர்னலோடு ஒட்டி ஓடும் துண்டு. எந்தக் கெர்னல் பதிப்புக்காகக் கட்டப்பட்டதோ அதோடு மட்டுமே அது பொருந்தும். இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் கெர்னல் மாறும்போது அவையும் கூடவே மாறிவிடுகின்றன. என்விடியாவின் டிரைவர் வெளியே வளர்ந்த பிள்ளை. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி அந்த நிறுவனத்தைத் திட்டியது பலருக்கு நினைவிருக்கும். 2022 மே மாதம் கெர்னலோடு ஒட்டும் பகுதியின் மூலநிரலை நிறுவனம் திறந்துவிட்டது. ஆனாலும் அது புதிய கார்டுகளுக்கு மட்டும்தான். மேலடுக்கு இன்னும் பூட்டியே இருக்கிறது.

வெளியே இருக்கும் டிரைவரை ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் உங்கள் கணினியிலேயே மறுபடி கட்டித் தருவது டிகேஎம்எஸ் என்ற கருவி. டெல் நிறுவனத்தில் உருவானது. அதற்குக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும். அவை இறங்காமல் போனாலோ, கட்டும் வேலை பாதியில் முறிந்தாலோ, புதுக் கெர்னலுக்கு டிரைவரே இருக்காது. மாற்று ஏற்பாடாக நூவோ என்ற திறமூல டிரைவர் கெர்னலில் 2010 முதல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் என்விடியா பேக்கேஜ் உள்ளே வரும்போதே நூவோவைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டுத்தான் வரும். வந்தவனும் வேலைக்கு வரவில்லை, இருந்தவனையும் வாசலில் நிறுத்தியாயிற்று.

இதனால்தான் முதல் வைத்தியம் மிக எளிது: பழைய கெர்னலுக்குத் திரும்புவது. உபுண்டு முந்தைய கெர்னலை உடனே அழித்துவிடாது. கணினியைப் போட்டவுடன் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தால், அல்லது எஸ்கேப்பைத் தட்டினால், கிரப் என்ற தொடக்க மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய், நேற்றுவரை ஓடிய கெர்னலின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கறுப்பென்றால், பெரும்பாலும் டெஸ்க்டாப் திரும்பிவிடும்.

அதுவும் கைகொடுக்காவிட்டால் அதே மெனுவில் ஆங்கில ‘ஈ’ விசை. ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ (nomodeset) என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10. “கார்டைத் தொடாதே, பயாஸ் போட்டுக்கொடுத்த திரையையே வைத்து ஓட்டு” என்று கெர்னலுக்குச் சொல்கிறோம். படம் மங்கலாக, பெரிதாகத் தெரியலாம், வீடியோ திக்கும். உள்ளே நுழைய அது போதும். இந்தச் சொல்லை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு, மாதக்கணக்கில் “லினக்ஸ் ஸ்லோ” என்று குறைசொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காலில் கட்டிய மாவுக்கட்டோடு ஓட்டப்பந்தயத்துக்குப் போவது போல.

உள்ளே வந்ததும் என்விடியா பேக்கேஜ்கள் அனைத்தையும் ‘ஆப்ட் பர்ஜ்’ கட்டளையால் துடைத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். தடைப்பட்டியலும் அவற்றோடு போய்விடும், நூவோ பொறுப்பேற்கும். பிறகு ‘உபுண்டு-டிரைவர்ஸ்’ கருவியிடமே கேட்டு, அது சிபாரிசு செய்வதை நிறுவலாம். இணையம் வேண்டுமென்றால் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுவதுதான் சுருக்கு வழி. நிறுவனத்தின் தளத்திலிருந்து நேராக டிரைவரை இறக்கிப் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அப்படிப் போட்டது பேக்கேஜ் கணக்கில் ஏறாது. அடுத்த கெர்னல் வரும்போது இதே கறுப்பு வரலாம்.

செக்யூர் பூட் இருக்கும் கணினியில் இன்னொரு கண்ணி. நம் கணினியில் கட்டிய டிரைவருக்குக் கையொப்பம் தேவை. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத்திரை வந்து பத்து விநாடி காத்திருக்கும். அங்கே சாவியைப் பதிவுசெய்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். ஏதோ பிழையென்று எண்ணிக் கடந்துபோனால், கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது.

இதே கறுப்பைப் பார்க்கும் விண்டோஸ்காரர்களுக்கு ஒன்றே ஒன்று: விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருகணம் மின்னி, ஒரு பீப் கேட்டு, கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாய்த் தொடங்கும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை எழுத்துத் திரையில் பொறுமையிழந்து, ‘ஸ்டார்ட்எக்ஸ்’ கட்டளையை, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவைச் சேர்த்து ஓட்டினேன். டெஸ்க்டாப் வந்தது, ரூட் என்ற அந்த நிர்வாகியின் பெயரில். பழுது நீங்கியபின் என் பெயரில் நுழையப் பார்த்தால், கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, ஒருகணம் கறுத்து, மறுபடி கடவுச்சொல்லே கேட்டது. பத்துமுறை கேட்டது. இரண்டு மணிநேரம் டிரைவரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் கழிந்தது. கடைசியில் பார்த்தால், என் ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகிக் கிடந்தது. என் வீட்டுச் சாவியை நானே இன்னொருவர் பெயருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். ‘சௌன்’ என்று ஒரு வரி. கோப்பு என் பெயருக்கு வந்தது. நுழைவுத் திரை இருக்கும் எஃப்1க்குப் போய்க் கடவுச்சொல்லைத் தட்டினேன். கறுத்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, துடைக்காமல் விட்ட ஐகான்களோடு என் பழைய குப்பை டெஸ்க்டாப் வந்து நின்றது.