கனியும் பாலும் தேனும்

திருமறையின் 16 ஆம் அத்தியாயத்திற்கு "அந்நஹ்ல்" என்று பெயர். தேனீ என்பது அதன் பொருள். 128 வசனங்களைக் கொண்ட அந்த அத்தியாயத்தில் 66 முதல் 69 வரையுள்ள வசனங்களை ஒருமுறை நிதானமாகப் பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள். மூன்று உணவுப் பொருள்களை இறைவன் அங்கே அடுத்தடுத்து எடுத்துரைக்கின்றான். முதலில் பால், அடுத்துப் பேரீச்சை, திராட்சை ஆகிய கனிகள், அவற்றை அடுத்துத் தேன்.

கால்நடைகளின் வயிற்றில், சாணத்திற்கும் இரத்தத்திற்கும் இடையிலிருந்து, அருந்துவோருக்கு இனிமையான தூய பாலைப் புகட்டுவதை அவன் நமக்கு ஒரு படிப்பினையாக்குகின்றான். மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டும் பந்தல்களிலும் கூடு அமைத்துக்கொள்ளுமாறு தேனீக்கு உள்ளுணர்வை ஊட்டியதையும், அதன் வயிற்றிலிருந்து பல நிறங்களில் வெளிப்படும் பானத்தில் மனிதருக்கு நோய்தீர்க்கும் தன்மையை வைத்திருப்பதையும் நினைவூட்டுகின்றான். சிந்திக்கும் மக்களுக்கு இவற்றில் அத்தாட்சி உண்டு என்பதே அங்கு வரும் முடிவுரை.

வாசக அன்பர்களே! இந்த மூன்றும் நம் இல்லங்களுக்குப் புதியவை அல்ல. பேரீச்சம்பழம் இல்லாத நோன்பு வீடு உண்டா? பால் காய்ச்சாத அடுப்பு உண்டா? தேன் குப்பி இல்லாத அலமாரியும் அரிதே. இம்மூன்றையும் ஒன்றாக்கி, அனலில் வாட்டி எடுத்து உண்ணும் எளிய இனிப்பொன்றைப் பற்றியே இவ்வாரம் எழுதுகின்றோம். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் சமையலுக்கு என்ன வேலை என்று எவரும் வியக்க வேண்டாம். ஹலாலும் ஹராமும், நன்றியும் வீண்விரயமும், அண்டை வீட்டாரின் உரிமையும் நம் சமையலறையில்தான் நாள்தோறும் சோதிக்கப்படுகின்றன.

ஒரே கனி, இரு வழிகள்

பாலையும் தேனையும் கூறுகையில் இறைவன் அவற்றை அப்படியே நன்மையாகக் கூறிவிட்டான். இடையில் வரும் 67 ஆம் வசனத்திலோ, பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து மனிதர் இருவகைப் பொருள்களை எடுத்துக்கொள்வதாகக் கூறுகின்றான். ஒன்று போதை தரும் பானம். மற்றொன்று நல்ல உணவு.

இது மக்காவில் அருளப்பெற்ற அத்தியாயம். மதுவைத் தடைசெய்யும் தெளிவான கட்டளை பின்னர் மதீனாவிலேதான் வந்தது. அக்கட்டளை வருவதற்கு முன்னரே, போதைப் பொருளை நல்ல உணவு என்னும் வரிசையிலிருந்து இறைவன் பிரித்துக் காட்டிவிட்டான் என்று விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுவர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கனியைப் படைத்தவன் இறைவன். அது நல்ல உணவாவதும் நச்சுப் பானமாவதும் அதை எடுத்துக் கையாளும் மனிதரின் கையில் விடப்பட்டுள்ளது. படைக்கப்பட்டபோது தூய்மையாக இருந்த பொருளை நம் வாய்க்கு வந்து சேரும் வரையில் தூய்மையாகவே காப்பது நம் பொறுப்பு. இனி நாம் சொல்லப்போகும் சிறு இனிப்பில்கூட இப்பொறுப்பு ஒவ்வொரு படியிலும் நம்மைத் தொடர்ந்து வருவதைக் காண்பீர்கள்.

அண்ணலாரின் உணவு விரிப்பில்

பேரீச்சையையும் பால்பொருளையும் சேர்த்துண்ணும் வழக்கம் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இருந்தது. புஸ்ர் என்னும் தோழரின் மக்கள் இருவர், நாயகம் (ஸல்) அவர்கள் தம் இல்லத்திற்கு வந்தபோது வெண்ணெயும் பேரீச்சம்பழமும் வைத்து விருந்தோம்பியதையும், அவ்விரண்டையும் அவர்கள் விரும்பி உண்டதையும் அறிவித்துள்ளனர். இந்த அறிவிப்பு அபூதாவூத் நூலில் இடம்பெற்றுள்ளது.

ஹிஜ்ரி 7 ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுடன் நடந்த திருமணத்தின் வலீமா விருந்தை நினைத்துப் பாருங்கள். அவ்விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்புகள் விரிக்கப்பட்டன. அவற்றின் மீது பேரீச்சம்பழமும், "அகித்" எனப்படும் உலர்ந்த பாலாடைக்கட்டியும், நெய்யும் வைக்கப்பட்டன. மூன்றையும் சேர்த்துப் பிசைந்த உணவுக்கு "ஹைஸ்" என்று பெயர். அகிலத்தின் அருட்கொடையான நபிகளாரின் மணவிருந்தே இவ்வளவுதான்! அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. ஒரு வலீமாவுக்காகக் கடன்பட்டு, மாதக்கணக்கில் வருந்தும் நம் குடும்பங்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

ஹிஜ்ரி 9 ஆம் ஆண்டில் (கி.பி. 630) தபூக் சென்றிருந்தபோது அண்ணலாரிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டது. அவர்கள் ஒரு கத்தியைக் கேட்டு வாங்கி, "பிஸ்மில்லாஹ்" கூறி அதை அறுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். தேனைப் பற்றியோ கேட்க வேண்டியதில்லை. இனிப்பும் தேனும் நபிகளாருக்கு விருப்பமானவை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே கூறியுள்ளார்கள்.

செய்யும் முறை

ஹைஸை நெருங்கிய உறவாகக் கொண்ட இவ்வினிப்பு செய்வதற்கு மிக எளிது. ஆறு பேருக்குப் போதுமான அளவைத் தருகின்றோம்.

தேவையான பொருள்கள்: பசும்பால் 1 லிட்டர், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, பெரிய, சதைப்பற்றுள்ள பேரீச்சம்பழம் 20, நெய் 1 மேசைக்கரண்டி, தேன் 2 மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய பாதாம் அல்லது பிஸ்தா ஒரு கைப்பிடி, ஏலப்பொடியும் உப்பும் ஒவ்வொரு சிட்டிகை.

முதலில் பாலைப் பொங்கக் காய்ச்சி அடுப்பைத் தணியுங்கள். எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் பால் திரிந்து, கட்டி தனியாகவும் நீர் தனியாகவும் பிரியும். நீர் தெளிவாகத் தெரிந்தவுடன் இறக்கி, சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். புளிப்பு நீங்கக் குளிர்ந்த நீரை ஒருமுறை மேலே ஊற்றி, துணியை மூட்டையாகக் கட்டி அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். வடிந்த நீரைக் கொட்டிவிட வேண்டாம்; ரொட்டி மாவு பிசைய அது மிகவும் ஏற்றது. வீண்விரயம் செய்வோரை இறைவன் நேசிப்பதில்லை என்பதை இங்கும் நினைவில் கொள்வோம்.

துணியில் எஞ்சிய பாலாடைக்கட்டியுடன் உப்பு, ஏலப்பொடி, பாதி நெய் ஆகியவற்றைச் சேர்த்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, திரிதிரியாக இல்லாமல் வழவழப்பாகும் வரை பிசையுங்கள். பேரீச்சம்பழங்களைக் கழுவித் துடைத்து, ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறிக் கொட்டையை நீக்குங்கள். உள்ளே பூச்சியோ பூஞ்சையோ இல்லை என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பேரீச்சம்பழம் கொண்டுவரப்பட்டால் நபிகளாரும் அதைப் பிளந்து புழுவை அகற்றி உண்டார்கள் என்று ஹதீஸில் காண்கின்றோம்.

ஒவ்வொரு பழத்திலும் ஒரு சிறு கரண்டி பாலாடைக்கட்டியை நிரப்பி, மீதி நெய் தடவிய தட்டில், கீறிய பக்கம் மேலே தெரியுமாறு அடுக்குங்கள். ஓவன் உள்ளவர்கள் 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 12 முதல் 15 நிமிடங்கள் வைத்தால் போதும். ஓவன் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். அடி கனத்த பெரிய பாத்திரத்தினுள் ஒரு முக்காலியை வைத்து மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு தட்டை முக்காலியின் மீது வைத்து, ஆவி வெளியேறாதபடி மூடி, 20 நிமிடங்கள் விடுங்கள். பழம் இளகி, மேலுள்ள கட்டியின் ஓரம் பொன்னிறம் கண்டால் பதம் வந்துவிட்டது. மூடிய பாத்திரத்தில் நிறம் சற்றுக் குறைவாகவே வரும், சுவைக்குக் குறைவில்லை.

தேனை அடுப்பில் இருக்கும்போது சேர்க்கலாகாது. சூட்டில் அதன் மணம் போய்விடும். தட்டை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, மேலே நூலாக ஊற்றுங்கள். பாதாம், பிஸ்தாவைத் தூவிப் பரிமாறுங்கள். பேரீச்சையே நல்ல இனிப்பாதலால் தேன் அளவோடு இருக்கட்டும்.

பேரீச்சைக்குப் பதிலாகப் புதிய அத்திப்பழத்தை நான்காகக் கீறி இதேபோல் செய்யலாம். மத்தியதரைக் கடலோர நாடுகளில் அத்தி, பாலாடைக்கட்டி, தேன் மூன்றும் சேர்ந்த உணவு நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. அத்தியின் மீது இறைவன் சத்தியம் செய்வதுடன் தொடங்குகின்ற 95 ஆம் அத்தியாயத்தை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகின்றோம் அன்றோ? ஆனால், மேலைநாட்டுச் சமையல் முறைகள் சிலவற்றில் பழத்தை மதுவில் ஊறவைக்கச் சொல்வார்கள். "அடுப்பில் ஆவியாகிவிடும்" என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம். 67 ஆம் வசனம் காட்டிய இரு வழிகள் பிரிவது அந்த இடத்தில்தான்.

கடையில் கட்டி வாங்குவோர் கவனத்திற்கு

பாலாடைக்கட்டியை வீட்டிலேயே செய்யுமாறு நாம் கூறியதற்குக் காரணம் உண்டு. எலுமிச்சையால் திரித்த கட்டியில் ஐயத்திற்கு இடமே இல்லை. கடைகளில் விற்கும் சீஸ் வகைகள் பலவற்றைப் பாலில் "ரென்னட்" என்னும் உறைபொருளைச் சேர்த்துச் செய்கின்றனர். தொன்றுதொட்டு இது பால்குடிக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. கன்று முறைப்படி அறுக்கப்பட்டிருந்தால் பிரச்சினை இல்லை. முறைப்படி அறுக்கப்படாததாயின் என்ன சட்டம்?

இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதைத் தூய்மையானதென்றே கருதினார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் அது தூய்மையற்றது. தமிழகத்தில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் அருகருகே வாழ்கின்றோம், சம்பந்தம் செய்துகொள்கின்றோம். ஆகவே, ஒரு வீட்டில் தயங்காமல் உண்பதை மறுவீட்டில் தவிர்க்கக் கூடும். தவிர்ப்பவரை மிகைப்பேணுதல் என்று ஏளனம் செய்வதும், உண்பவரை ஹராம் உண்பவர் என்று தூற்றுவதும் தவறு. விருந்தினரின் மத்ஹபை எண்ணிப் பார்த்து அனைவரும் ஐயமின்றி உண்ணக்கூடியதை வைப்பதே பண்பு.

இன்று நிலைமை பெரிதும் எளிதாகியுள்ளது. நுண்ணுயிர்களின் வாயிலாக உண்டாக்கும் உறைபொருளை 1990 இல் அமெரிக்க அரசு உணவில் பயன்படுத்த அனுமதித்தது. இப்போது உலகெங்கும் பெருமளவு சீஸ் அவ்வகையிலேயே செய்யப்படுகின்றது. இந்தியாவில் உறையின் மீதுள்ள பச்சைக் குறி, விலங்கின் உடலிலிருந்து எடுத்த உறைபொருள் அதில் இல்லை என்பதைத் தெரிவிக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிகளில் அக்குறி இராது. அவற்றின் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள், அல்லது ஹலால் சான்று உள்ளதா என்று நோக்குங்கள்.

தேனில் நேர்மை

தேனீ கலப்படம் செய்வதில்லை, மனிதன் செய்கின்றான். சர்க்கரைப் பாகைக் கலந்து தேனென்று விற்பவன் விலையை மட்டும் ஏமாற்றவில்லை. நோய்தீர்க்கும் பொருளென்று இறைவன் கூறியதன் பெயரால் ஏமாற்றுகின்றான். கடைத்தெருவில் தானியக் குவியலினுள் கைவிட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்ட நபிகளார், மோசடி செய்பவன் தம்மைச் சார்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். நம்மில் வணிகர் பலர். இந்த எச்சரிக்கை முதலில் நமக்கே உரியது.

தேன் உறைந்துபோனால் அது கலப்படம் என்று எண்ணி வீசிவிடாதீர்கள். தூய தேனும் உறையும். வெதுவெதுப்பான நீரில் குப்பியை வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் விட்டுப் பார்த்தல், தீக்குச்சியில் தடவிக் கொளுத்துதல் போன்ற வீட்டுச் சோதனைகளை நம்பித் தீர்ப்புக் கூறவும் வேண்டாம். நம்பகமானவரிடம் வாங்குவதே வழி.

தாய்மார்களுக்கு ஒரு முக்கியமான சொல். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை எவ்வகையிலும் கொடுக்கலாகாது. தூய தேனிலும் சில வேளைகளில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள், பச்சிளங் குழந்தையின் குடலில் வளர்ந்து, உயிருக்கே ஆபத்தான தளர்ச்சி நோயை உண்டாக்கும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. சமையல் சூட்டில் அவ்வித்துகள் அழிவதில்லை. ஆதலால் இவ்வினிப்பும் அக்குழந்தைக்கு வேண்டாம். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவுவது நம் ஊர்களில் பழகிப்போன வழக்கம். ஆனால், நபிகளார் தஹ்னீக் செய்ததாக ஹதீஸ்களில் நாம் காண்பது மென்ற பேரீச்சம்பழத்தைக் கொண்டே. அதையும் மருத்துவரின் ஆலோசனைப்படி செய்வதே நலம்.

தட்டில் மற்றவர் பங்கு

இருபது பழங்கள் செய்தோம். வீட்டில் ஆறு பேர் இருப்பின், ஆளுக்கு இரண்டு உண்டால் மீதம் எட்டு. குழம்பு காய்ச்சும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் கூறிய அறிவுரை நமக்கும் உரியதே. அந்த எட்டையும் ஒரு தட்டில் வைத்து மூடி, பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் எந்தச் சமயத்தவராயினும் அண்டை வீட்டாரே. நீரிழிவு உள்ள முதியவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது, உடலாகிய அமானிதத்திற்குச் செய்யும் கடமை.

உண்ணுமுன் "பிஸ்மில்லாஹ்" கூறுங்கள். உண்டபின் "அல்ஹம்துலில்லாஹ்" கூறுங்கள். இடையில், பிள்ளைகளை அருகே இருத்தி, அந்நஹ்ல் அத்தியாயத்தின் அந்த நான்கு வசனங்களையும் ஓதிப் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். பால் எங்கிருந்து வந்தது, கனியின் இரு வழிகள் எவை, தேனீக்கு வழிகாட்டியவன் யார் என்று கேளுங்கள். நாவில் இனிமை இருக்கும்போது கற்ற பாடம் நெஞ்சில் நிலைத்து நிற்கும்.

தூயவற்றை உண்டு, அவற்றை அளித்தவனுக்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களாக நம்மையும் நம் மக்களையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.