குளிர்ப்பெட்டி சொல்லும் பொய்

கதவில் தெரியும் எண் 12 டிகிரி என்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் போத்தலிலோ பனிக்கட்டி மிதக்கிறது. எது உண்மை? போத்தல்தான். உள்ளே எவ்வளவு குளிர் என்று பெட்டிக்குச் சொல்வது பட்டாணி அளவுள்ள ஓர் உணரி மட்டுமே. அது தவறாகச் சொன்னாலும் பெட்டி அப்படியே நம்பிவிடும்.

புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்தில் வசிக்கும் என் மாமா வீட்டில் நடந்தது இது. பழைய சாமானாக வாங்கிய சிறிய ஒயின் குளிர்ப்பெட்டி. ஒயின் ஒரு சொட்டும் கிடையாது. அதில் இருந்தது அத்தையின் இன்சுலின். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. பழுது பார்க்க வந்தவர் மின்சுற்றுப் பலகையையே மாற்றச் சொன்னார். பெட்டி வாங்கிய விலையில் பாதி!

இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது தெர்மிஸ்டர். குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும்; சூடேறினால் இறங்கும். உலோகக் கம்பிக்கு நேர் எதிர். 1833-இல் மைக்கல் ஃபாரடே சில்வர் சல்ஃபைடில் இந்தக் குணத்தைக் கண்டார். ஐந்தாம் படிவ இயற்பியலில் டிரான்சிஸ்டரோடு சேர்த்து வரைகிறோமே, அதே தெர்மிஸ்டர்தான்.

கம்பி அறுந்தாலோ இணைப்பு முனையில் களிம்பு ஏறினாலோ மின்தடை கூடும். ‘நன்றாகக் குளிர்ந்துவிட்டது’ என்று பெட்டி ஓய்ந்துவிடும். உணரிக்குள் ஈரம் புகுந்தால் கதையே வேறு. மின்னோட்டத்துக்குக் குறுக்குவழி கிடைத்து மின்தடை குறையும். ‘இன்னும் சூடு’ என்று பெட்டி ஓயாமல் குளிரூட்டும். அறுந்த கம்பிக்குப் பல பெட்டிகள் பிழைக் குறியீடு காட்டும். ஈரம் புகுந்த உணரி தரும் அளவு நம்பும்படியே இருப்பதால் எந்த எச்சரிக்கையும் வராது. என்னைக் கேட்டால் இதுதான் மோசமான பழுது.

ஆகவே பலகையில் கைவைக்கும் முன் உணரியைச் சோதிக்க வேண்டும். மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உணரியின் இணைப்பைப் பலகையிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் பொருத்துங்கள். குவளை நிறைய நொறுக்கிய பனிக்கட்டி, கொஞ்சம் தண்ணீர், நன்றாகக் கலக்கினால் 0 டிகிரி. வெப்பமானிக்கு அளவு குறிக்க நான்காம் படிவத்தில் படித்த அதே பனிக்கட்டிப் புள்ளி. உணரியின் முனை அதில் சில நிமிடம் கிடக்கட்டும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் உணரி என்றால், 0 டிகிரியில் அதன் வகைக்கேற்ப ஏறக்குறைய 27 முதல் 33 கிலோ ஓம் வரும். (5 கிலோ ஓம் உணரிகளும் உண்டு, எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) மாமா வீட்டு உணரிக்கு 27 வரவேண்டும். வந்தது 17. அது ஏறக்குறைய 12 டிகிரிக்கு உரிய அளவு!

பலகை தப்பியது. அதே வகை உணரியை வாங்கி மாற்றினோம். தனி வெப்பமானி ஒன்றை ஒருநாள் முழுக்க உள்ளே வைத்துப் பார்த்த பிறகே புதிய இன்சுலின் உள்ளே போனது.

மாணவர்கள் தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு: குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள். இப்போதைய பல பெட்டிகளில் இருக்கும் ஆர்600ஏ எளிதில் தீப்பற்றும். அந்த வேலை பயிற்சி பெற்றவருக்கு உரியது.